முதல் பாட்டில் மூச்சுச் சத்தம் இல்லை

மலாங், 4 மார்ச் 2003

மதிப்பிற்குரிய நூனிக் அக்காவுக்கு,

சலாம். என் பெயர் ஹர்தோயோ. மலாங்கில் அர்ஜோசாரி நிலையத்துக்கும் காடாங்குக்கும் இடையே நீல வேன் ஓட்டுகிறேன். வயது நாற்பத்து மூன்று. உங்களுக்கு நான் எழுதும் பதினேழாவது கடிதம் இது. முந்தைய பதினாறுக்கும் கையெழுத்து அச்சிட்ட புகைப்படம் ஒவ்வொன்று வந்தது. எல்லாம் ஒரே புகைப்படம். அதில் எனக்குக் குறையில்லை. ஒன்றை வேனில் ஒட்டியிருக்கிறேன், மிச்சத்தைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினான்கு வருடம் கழித்து உங்கள் புதிய கேசட் வருகிறது என்று வானொலியில் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர். ஆறு பேருக்கும் என் வயது, என் தொப்பை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். 'மறுபடியும் வெயில்' என்ற அந்தக் கேசட்டைக் கையில் வாங்கியதும் மேல்தாளைப் பல்லால் கிழித்தேன். வேன் கிளம்பும்போதே போட்டுவிட்டேன். முதல் பாட்டில் அந்த கிதார் நுழைந்ததும் பின்சீட்டில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் தன் பையில் தாளம் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஐந்தாவது பாட்டு, 'பகல் பேருந்து'. அதில் நீங்கள் ஓரிடத்திலும் கத்தவில்லை. ஒரே ஒரு கிதார், நீங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு மட்டும் பாடுவதுபோல இருந்தது. பிளிம்பிங் திருப்பத்தில் விளக்கு பச்சையாகியும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். மூன்று நாளாக முடிக்கத்தான் பார்க்கிறேன். முடியவில்லை.

அக்கா, முதல் பாட்டில் பல்லவி முடிந்து உச்சத்துக்கு ஏறும் இடத்தில் கேட்பது உங்கள் குரல் இல்லை. உங்கள் எல்லாக் கேசட்டிலும் அந்த ஏற்றத்துக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்கும், கதவைச் சட்டென்று இழுப்பதுபோல. இதில் மூச்சுச் சத்தமே இல்லை. நீங்கள் சுரத்துக்குக் கொஞ்சம் கீழே போய்த்தான் மேலே தாவுவீர்கள். இந்தக் குரல் நேராக உச்சத்தில் போய் உட்காருகிறது. சுத்தமாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் இல்லை. நான்காவது பாட்டிலும் அப்படித்தான்.

என்னோடு ஓட்டும் போனிரான் சிரித்தான். "உனக்கு வயசாச்சு, அக்காவுக்கும் வயசாச்சு. மிஷின்ல பாலிஷ் போட்டிருப்பாங்கடா. காதக் கழுவிட்டு வா" என்றான். இரண்டு நாளாக அவனோடு பேச்சில்லை.

நான் தப்பாகக் கேட்டிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். ஜூன் 14 அன்று எங்கள் ஊரில்தான் சுற்றுப்பயணத்தைத் தொடங்குகிறீர்கள் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கூட்டத்தின் காது எப்படிப்பட்டது, கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
ஹர்தோயோ

போகோர், 17 மார்ச் 2003

திரு. ஹர்தோயோ,

புகைப்படம் அனுப்பும் பெண் விடுப்பில் இருக்கிறாள். அதனால் உங்கள் கடிதத்தை நானே பிரித்துவிட்டேன். பிரித்திருக்க வேண்டாம்.

முப்பது வருடமாகப் பாடுகிறேன். மின்சாரம் போன மேடையில் பாடியிருக்கிறேன், காய்ச்சலில் பாடியிருக்கிறேன், ஏழு மாதக் கர்ப்பத்தில் பாடியிருக்கிறேன். நான் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று மலாங்கில் வேன் ஓட்டுகிறவர் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்கவில்லை. அட்டையில் என் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பதும் நான்தான். ரசிகர்கள் முப்பது வயது நூனிக்கைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் ஒலிப்பதிவைக் குறை சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நீங்கள் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள். பச்சை விளக்கு விழுந்தால் வண்டியை எடுங்கள்.

நூனிக் ரெங்கானிஸ்

பி.கு: முதல் பாட்டு, நான்காவது பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எங்காவது அப்படித் தோன்றியதா?

மலாங், 27 மார்ச் 2003

நூனிக் அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தில் கடிதம் வந்ததென்று என் மனைவி மினார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை, நல்லவேளை.

கேட்டதற்குப் பதில். ஏழாவது பாட்டின் முடிவிலும். அங்கே உங்கள் குரல் கீழே ஓடுகிறது, அதற்கு மேலே அந்த இன்னொரு குரல். இரண்டும் ஒரே சமயத்தில் 'வா' என்கின்றன. ஒரு தொண்டையிலிருந்து இரண்டு 'வா' வராது. நான் தப்பாகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளவே ஆசைப்பட்டேன். உங்கள் பின்குறிப்பைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கோபத்தில் கேசட்டை வேனிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தேன். நாலு நாள் தாங்கவில்லை. காய்கறிக் கூடையோடு ஏறும் அம்மா ஒருவர் இருக்கிறார். "அந்த பஸ்ஸு பாட்டு எங்கப்பா?" என்று கேட்டார். மறுநாள் கொண்டுவந்து போட்டேன். இன்னொரு முறை போடச் சொன்னார். இறங்க வேண்டிய சந்தை தாண்டிப் போய்விட்டது, அவர் கவனிக்கவில்லை. இப்படிக் கேட்டால் நான் உங்களை எப்படி வெறுப்பது?

நான் யாரென்று தெரிந்துகொண்டு திட்டுங்கள். 1979-இல் நீங்கள் மலாங்குக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டாவது பாட்டில் ஒலிபெருக்கி கரகரத்துச் செத்துப்போனது. கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது. முதல் செருப்பை எறிந்தது நான்தான். உங்கள் தோளில் பட்டது. நீங்கள் அதை எடுத்துப் பார்த்தீர்கள். ஒலிபெருக்கிக்கு உயிர் வந்ததும் சொன்னீர்கள்: "ஒத்தச் செருப்ப வச்சு நான் என்னடா பண்றது? இன்னொண்ணையும் போடு." நானும் போட்டேன். நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாடினீர்கள். அந்த உச்சத்தை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். வெறுங்காலோடு ஆறு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனேன், கல் குத்தியதே தெரியவில்லை.

அன்றைக்கு உங்களிடம் ஏமாற்று ஒன்றும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், அந்த இன்னொரு குரல் யாருடையது?

ஹர்தோயோ

போகோர், 9 ஏப்ரல் 2003

ஹர்தோயோ தம்பி,

இரண்டாவது செருப்பு வந்ததும் ஞாபகம் இருக்கிறது. பெரிய கால் உனக்கு.

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நீ சொன்ன மூன்று இடமும் சரி. கேசட் வெளிவந்து ஒரு மாதம் ஆகிறது. பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், வானொலிக்காரர்கள் பேசினார்கள். 'ஐம்பத்தைந்து வயதிலும் அதே உச்சம்' என்று தலைப்புப் போட்டார்கள். கண்டுபிடித்தது நீ ஒருவன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதற்கு மிக அருகில் இருந்தது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன், காற்றுதான் வந்தது. பேச்சு திரும்ப எட்டு மாதம் ஆயிற்று. கீழ்க்குரல் மெல்ல வந்தது. மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது. ஏறப் பார்த்தால் படி இல்லை. குளியலறையில் தினமும் முயன்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

தயாரிப்பாளர் ஹெர்லம்பாங்கிடம் சொன்னேன். அவர் என் பழைய நண்பர், கெட்டவர் இல்லை. ஆனால் பழைய நூனிக் இல்லாமல் கேசட்டை யார் தொடுவார்கள் என்றார். மனாடோவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தார். பெயர் வுலான், இருபத்து நாலு வயது, ஓட்டலில் பாடுகிறவள். என் பழைய கேசட்டுகளைக் கேட்டே பாடக் கற்றவளாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தப் பக்கம் நின்று என் உச்சத்தைப் பாடினாள். முதல் முறையே சரியாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவளிடம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அட்டையில் பெயர் இல்லை.

'பகல் பேருந்து' மட்டும் மாலைத் தொழுகைக்கு எல்லாரும் எழுந்துபோன நேரத்தில் நானும் கிதார்க்காரரும் பதிந்தது. அதைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள். சண்டை போட்டுச் சேர்த்தேன். அதற்காக உன் காய்கறிக்கார அம்மா சந்தையைத் தவறவிட்டார் என்று படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

மேடையில் அந்த இடங்கள் வரும்போது வுலானின் பதிவை ஓட்டுவதாகத் திட்டம். நான் வாயை அசைக்க வேண்டும். நீ பத்திரிகையிடம் சொன்னால் நான் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் ஊர் என்ன செய்யும்?

நூனிக்

மலாங், 18 ஏப்ரல் 2003

அக்கா,

உங்கள் கடிதத்தை மினாரிடம் மட்டும் படித்துக் காட்டினேன். வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது. போனிரானிடம்கூட, நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று சொல்லி, ஒரு கிண்ணம் பக்ஸோ சூப் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டேன். அவன் இன்னொரு கிண்ணமும் கேட்டான்.

படித்துவிட்டு நான் முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தேன். பத்தொன்பது வயதிலிருந்து என்னோடு இருந்த குரல் எனக்குச் சொல்லாமல் செத்துப்போயிருக்கிறது, அதன் சட்டையை இன்னொருத்தி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று ஏதேதோ கத்தினேன். மினார் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அவங்க தொண்ட போனதுக்கு நீ ஏன் கோபப்படுற? அது அவங்களுக்கு வந்த கஷ்டம். கோபப்படணும்னா, பாடின பொண்ணு பேர மறைச்சாங்களே, அதுக்குப் படு."

மினார் தையல் கம்பெனியில் பதினோரு வருடம் சட்டை தைத்தாள். அவள் தைத்த எந்தச் சட்டையிலும் அவள் பெயர் இல்லை. எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை, பாருங்கள். நான் என் காதைப் பற்றியும் உங்கள் தொண்டையைப் பற்றியும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். பதிவை ஓட்டினால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். போனிரானுக்குக் காது மந்தம், ஆனால் கண் கூர்மை. வாய் ஒரு பக்கம் போக, பாட்டு ஒரு பக்கம் போனால் அவனே பிடித்துவிடுவான். பிறகு நான் உங்களைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற நினைக்கவும் மாட்டேன்.

அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்துவாருங்கள். பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் கீழே பாடுங்கள், அவள் மேலே பாடட்டும். செருப்பு வரலாம். வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டோம். எனக்கு இரவும் பகலும் அதே நினைப்பு. பயமா, சந்தோஷமா என்றுதான் தெரியவில்லை.

ஹர்தோயோ

போகோர், 5 மே 2003

தம்பி,

மினாரிடம் சொல், அவள் சொன்னது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

ஹெர்லம்பாங்கிடம் பேசினேன். மேசையைத் தட்டினார். சுற்றுப்பயணமே நின்றுவிடும் என்றார். நின்றால் நிற்கட்டும் என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "மலாங் மட்டும் உன் இஷ்டப்படி நடத்து, மற்ற ஊரெல்லாம் அங்கே என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு" என்று கடைசியில் இறங்கிவந்தார்.

பிறகு வுலானைப் போய்ப் பார்த்தேன். பெயர் சொல்லி மேடையில் நிறுத்தப்போகிறேன் என்றதும் அழுதுவிடுவாள், காலில் விழுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேங்க, அதுல பாடுறது நான்தான்னு. அவங்க சிரிச்சாங்க. நூனிக் குரல் எனக்குத் தெரியாதாடி, பொய் சொல்லாதன்னாங்க. பெத்த அம்மாவே நம்பல. இப்ப வந்து கூப்பிடுறீங்க."

வருகிறாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

இனி எழுத மாட்டேன். பயிற்சி இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் நீ எழுத வேண்டும். மேடையில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, விளக்குதான் தெரியும். நீ நின்ற இடத்தில் என்ன கேட்டது என்று எழுது. நல்லதாக மாற்றி எழுதாதே.

நூனிக்

மலாங், 16 ஜூன் 2003

அக்கா,

குரல் கட்டிப் பேச முடியாமல் இருக்கிறேன். நேற்று பயணிகளிடம் கையைக் காட்டித்தான் காசு வாங்கினேன். நீங்கள் சொன்னபடி நடந்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மைதானக் கதவைத் திறந்தார்கள். நாங்கள் மேடைக்கு இடது பக்கம், முப்பது அடி தூரத்தில் நின்றோம். போனிரானும் வந்திருந்தான். நீங்கள் பழைய பாட்டு எதுவும் இல்லாமல் நேராக மைக்குக்கு முன்னால் வந்தீர்கள். கூட்டம் உங்கள் பெயரைக் கத்தியது. நீங்கள் கையைத் தூக்கியதும் அடங்கியது. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

"கேசட்ல உச்சத்துல கேக்குறது என் குரல் இல்ல. என் தொண்ட ரெண்டு வருஷம் முன்னாடியே போச்சு. அதச் சொல்லாம உங்ககிட்ட வித்தேன். பாடினது வுலான். இதோ நிக்குறா."

பக்கவாட்டிலிருந்து அந்தப் பெண் வந்து நின்றாள். ஒல்லியாக, கறுப்புச் சட்டையில். அப்போது கேட்டது என்ன தெரியுமா? ஒன்றுமே இல்லை. வெளியே மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "நாங்க உனக்குத்தான் டிக்கெட் எடுத்தோம், அவளுக்கில்ல" என்றான். இன்னொருவன் விசிலடித்தான். மூன்று செருப்பு வந்தது. நான் எண்ணினேன். ஒன்று வுலான் காலருகில் விழுந்தது. அவள் நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற ஐம்பது அறுபது பேர் வெளியே போனார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டுமே. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லாம் முன்பே தெரியும், அப்படிச் செய்யச் சொன்னவனே நான். இருந்தாலும் நீங்கள் உங்கள் வாயால் 'போச்சு' என்றபோதுதான் அது போய்விட்டதென்று எனக்குப் பட்டது. அதுவரை, மேடையில் வெளிச்சம் விழுந்ததும் எப்படியாவது அந்தக் குரல் வந்துவிடும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன் போல. மூக்கைச் சிந்தினேன். போனிரான் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

வாத்தியக்காரர்கள் தொடங்கத் தயங்கினார்கள். நீங்கள் காத்திருக்கவில்லை. கிதார்கூட இல்லாமல் 'பகல் பேருந்து' ஆரம்பித்தீர்கள். முதல் இரண்டு வரி என் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவு இரைச்சல். மூன்றாவது வரியில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் 'உஷ்' என்றார்கள். அந்த 'உஷ்' பின்பக்கம் வரை ஓடியது. பன்னிரண்டாயிரம் பேர் என்கிறார்கள், ஒருவரும் அசையவில்லை. எனக்கு முன்னால் நின்ற போலீஸ்காரர் மேடையைப் பார்க்கத் திரும்பிவிட்டார், எங்களைப் பார்த்து நிற்பதுதான் அவர் வேலை.

அது முடிந்தும் யாரும் கை தட்டவில்லை. நீங்கள் பயந்திருப்பீர்கள். பயந்திருக்க வேண்டாம். என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மினார்தான் முதலில் கத்தினாள். உங்கள் பெயரை இல்லை. "வுலான்" என்று கத்தினாள். என் மனைவிக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது இருபது வருடத்தில் எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும்.

அதற்குப் பிறகு கேசட்டின் முதல் பாட்டு வந்தது. அந்த கிதார். நீங்கள் கீழே நின்று பாடினீர்கள், தரையே பாடுவதுபோல. அவள் அதன் மேல் கால் ஊன்றி ஏறினாள். உச்சத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. அவளுடைய மூச்சு. உங்களுடையதைப்போல இல்லை, சின்னது, பயந்தது. நான் துள்ளினேன் அக்கா. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு துள்ளினேன். போனிரான் என் தோளில் தொங்கினான். அவனுக்கு முதல் தடவையாக இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்டதாம். "ரெண்டு பேருடா" என்று என் காதில் கத்தினான், நான் ஏதோ கேட்காதவன் என்பதுபோல.

கேசட்டை இன்று காலை மறுபடி போட்டுக் கேட்டேன். அதே கேசட்தான். மார்ச் மாதம் என்னைக் குத்திய இடங்களில் இப்போது அந்தப் பெண் நிற்பது தெரிகிறது. அந்த இடங்கள் எனக்கு இப்போதும் வலிக்கின்றன. பிடித்தும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து எழுத ஒரு வார்த்தை இருந்தால் எழுதியிருப்பேன்.

நல்லதாக மாற்றி எழுதாதே என்றீர்கள். அதனால் ஒன்று பாக்கி. எட்டாவது பாட்டு நன்றாக இல்லை. தென்னைமரம், அலை, நிலா என்று என்னவோ வருகிறது. வேனில் அது வந்தால் தாண்டிவிடுவேன். யார் எழுதினார்களோ, அவர்களிடம் இனி எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஹர்தோயோ

போகோர், 25 ஜூன் 2003

தம்பி,

சுராபாயா, செமாராங், பாண்டுங் மூன்று ஊருக்கும் வுலானும் நானும் சேர்ந்தே போகிறோம். ஹெர்லம்பாங் நேற்று ஒத்துக்கொண்டார். புதிதாக அச்சாகும் அட்டையில் இரண்டு பெயர். அவள் பெயரும் என் பெயரும் ஒரே அளவு எழுத்து. அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள், கெட்டிக்காரி. என்னோடு இன்னும் அதிகம் சிரித்துப் பேசுவதில்லை. பாடும்போது மட்டும் என் பக்கம் திரும்புகிறாள்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். 'சின்னது, பயந்தது' என்ற இடத்தில் கோபித்துக்கொண்டாள். பிறகு போய் மூச்சுப் பயிற்சி செய்தாள்.

எட்டாவது பாட்டு நான் எழுதியது.

ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். சாயங்காலம் போட்டுக் கேட்டேன். நிலா வரும்போது நானே நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்டில் அடுத்த பதிவு தொடங்குகிறது. எல்லாம் கீழ்க்குரலில், என் அளவுக்கு. இதோடு வரும் கேசட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை, வெற்று கேசட் என்று நினைக்காதே. அதில் மூன்று பாட்டு முணுமுணுத்திருக்கிறேன், வார்த்தைகூட முடியவில்லை. ஹெர்லம்பாங் இன்னும் கேட்கவில்லை. நீ முதலில் கேள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேள். எங்கெல்லாம் பொய் இருக்கிறது என்று வரிவரியாக எழுதி அனுப்பு.

உன் அக்கா,
நூனிக்